கல்லீரல் புற்றில் மெத்தில் குறிகள்: பழி வைரஸ் புரதத்துக்கு மட்டுமா?

1981இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தைவானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பால்மர் பீஸ்லியும் அவருடைய தைவான் சகாக்களும் 22,707 ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதியது. அனைவரும் அரசு ஊழியர்கள். ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் சுமந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் ஆபத்து, சுமக்காதவர்களைவிட 223 மடங்கு என்று அதில் இருந்தது. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய எண்ணை அடிக்கடி பார்க்க முடியாது. சிகரெட்டையும் நுரையீரல் புற்றையும் இணைக்கும் எண்கூட இதற்கு வெகு கீழேதான் நிற்கும்.

வைரஸுக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அத்தோடு ஓய்ந்தது. எப்படி என்ற கேள்விதான் 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஓயவில்லை. பி வைரஸின் மரபுத்தொகுதி மொத்தமே ஏறத்தாழ 3,200 எழுத்துகள். மனிதனுடையது 300 கோடி. இத்தனை சிறிய ஒன்று இவ்வளவு பெரிய செல்லை நிலைகுலையச் செய்ய மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. வைரஸின் டி.என்.ஏ. துண்டு நம் டி.என்.ஏ.வில் போய்ச் செருகிக்கொள்வது ஒன்று. பல்லாண்டு அழற்சியால் கல்லீரல் தழும்பேறி சிரோசிஸ் ஆவது இன்னொன்று. மூன்றாவது, மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறாமல், அதன்மேல் இருக்கும் மெத்தில் குறிகள் மட்டும் இடம்மாறுவது. கடந்த 20 ஆண்டுகளில் அதிகம் எழுதப்பட்டதும், என் பார்வையில் அதிகம் அவசரப்பட்டு எழுதப்பட்டதும் இந்த மூன்றாவது வழியைப் பற்றித்தான்.

இந்தக் கேள்வியை அலச டொராண்டோ பொருத்தமான ஊர். யூனிவர்சிட்டி அவென்யூவில் டொராண்டோ ஜெனரல் மருத்துவமனையின் கல்லீரல் நோய் மையம், பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மையம், சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனை மூன்றும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. காலேஜ் ஸ்ட்ரீட் முனையில் மார்ஸ் கட்டடம். அங்கேதான் மெத்தில் குறிகளைக் கையாளும் புரதங்களின் வடிவத்தைக் கண்டறியும் கட்டமைப்பு மரபியல் கூட்டமைப்பின் ஆய்வகம். கனடாவின் பெரிய மருத்துவ அறிவியல் விருதான கெய்ர்ட்னர் விருதும் இந்த ஊரிலிருந்துதான் வழங்கப்படுகிறது. டி.என்.ஏ. மெத்திலேற்றத்தின் அடிப்படையை வகுத்த ஹோவர்ட் சீடர், ஆரோன் ராசின், ஏட்ரியன் பேர்ட் ஆகியோர் 2011இல் அதைப் பெற்றார்கள். ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடித்த மைக்கேல் ஹாட்டன் 2013இல் அதே விருதை மறுத்தார். தன்னோடு உழைத்த க்வி-லிம் சூவும் ஜார்ஜ் குவோவும் பட்டியலில் இல்லை என்பது காரணம்.  

மெத்திலேற்றம் பற்றி இங்கே தேவையான அளவு மட்டும். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் சைட்டோசின் என்பதன்மேல் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கூட்டம் ஒட்டிக்கொள்கிறது. மனிதரில் இது பெரும்பாலும் சைட்டோசினுக்கு அடுத்து குவானின் வரும் இடங்களில் நடக்கிறது. அப்படிப்பட்ட இடங்கள் நம் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம். அவற்றில் 70 முதல் 80 சதவீதம் மெத்தில் ஏறியவை. மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் இந்த ஜோடிகள் நெருக்கமாகக் கூடியிருக்கும் தீவுகள் உண்டு. அவை வழக்கமாக மெத்தில் இல்லாமல் இருக்கும். அங்கே மெத்தில் ஏறினால் அந்த மரபணு பேசுவதை நிறுத்திவிடும். புதிதாகக் குறி வைக்கும் வேலையை டிஎன்எம்டி3ஏ, 3பி என்ற நொதிகள் செய்கின்றன. செல் பிரியும்போது பழைய குறிகளைப் புதிய இழையில் படியெடுப்பது டிஎன்எம்டி1. குறிகளைக் களையும் டெட் நொதிகளின் வேலையை 2009இல் அஞ்சனா ராவின் குழு வெளிக்கொண்டுவந்தது. எழுத்து மாறவில்லை என்பதால் இந்த மாற்றங்கள் கோட்பாட்டளவில் திருப்பக்கூடியவை. மருந்துக் கம்பெனிகளின் ஆர்வம் அங்கிருந்துதான் பிறந்தது.

புற்றுச் செல்லில் இந்தக் குறிகள் ஒரே நேரத்தில் இரண்டு எதிர்த் திசைகளில் நகர்கின்றன. மரபுத்தொகுதி முழுவதையும் பார்த்தால் மெத்தில் குறைந்திருக்கிறது. 1983இல் ஆண்ட்ரூ ஃபைன்பர்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் முதலில் கண்டது இதைத்தான். குறிப்பிட்ட சில தீவுகளிலோ மெத்தில் கூடியிருக்கிறது. பி16, ஈ-காட்ஹெரின், ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ போன்ற புற்றுத் தடுப்பு மரபணுக்கள் அங்கே அடங்கிப்போகின்றன. 2017இல் அமெரிக்கப் புற்றுநோய் மரபுத்தொகுதித் திட்டம் 363 கல்லீரல் கட்டிகளை அலசி வெளியிட்ட அறிக்கையிலும் பி16ஐ உருவாக்கும் மரபணு மெத்திலால் அடங்கிப்போவது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே 'வைரஸ் மெத்திலேற்றத்தைக் கூட்டுகிறது' என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கும் எந்த விளக்கமும் பாதி விளக்கம்தான்.

இனி எக்ஸ் புரதத்துக்கு வருவோம். பி வைரஸ் உண்டாக்கும் புரதங்களில் இது மிகச் சிறியது; 154 அமினோ அமிலங்கள். 1991இல் இந்தப் புரதத்துக்கான மரபணுவை எலிகளில் புகுத்தியபோது அவற்றுக்குக் கல்லீரல் புற்று வந்தது என்று 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அன்றிலிருந்து கல்லீரல் புற்றின் எல்லாக் கேடுகளுக்கும் இந்தச் சிறு புரதத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கம் வந்துவிட்டது. மெத்திலேற்ற ஆய்வுகளும் அதே பாதையில் போயின. 2005இல் எக்ஸ் புரதம் டிஎன்எம்டி1ஐத் தூண்டி ஈ-காட்ஹெரினை அடக்குகிறது என்று கண்டார்கள். ஈ-காட்ஹெரின் செல்களைப் பக்கத்துச் செல்களோடு பிணைத்துவைக்கும் புரதம்; அது போனால் செல் இடம்பெயரத் தொடங்கும். 2007இல் தென்கொரியாவின் பூசான் பல்கலைக்கழகத்தில் கியுங் லிப் ஜாங்கின் குழு, செல் பிரிவதை முடுக்கும் சைக்ளின் டி1 பாதை வழியாக எக்ஸ் புரதம் டிஎன்எம்டி1ஐ ஏற்றிவிடுகிறது என்றும் பி16 அதனால் அடங்குகிறது என்றும் காட்டியது. பி16 அடங்கினால் அந்தப் பாதை இன்னும் வேகமெடுக்கும். டிஎன்எம்டி1 இன்னும் ஏறும். 2010இல் வேறொரு கண்ணி சேர்ந்தது: டிஎன்எம்டி1ஐக் கட்டுக்குள் வைத்திருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. 152 என்ற சிறு மூலக்கூறு, பி வைரஸ் சார்ந்த கட்டிகளில் குறைந்திருந்தது.

இவற்றிலெல்லாம் எனக்கு முக்கியமாகப் படுவது 2007இலேயே இன்னொரு தென்கொரியக் குழு 'காஸ்ட்ரோஎன்டராலஜி' இதழில் எழுதியது. முன்சொன்ன இரட்டைத் திசையை விளக்க அது முயன்றது. எக்ஸ் புரதம் டிஎன்எம்டி1, 3ஏ ஆகியவற்றை ஏற்றுகிறது. அதனால் ஐஜிஎஃப்பிபி3 என்ற மரபணுவின் தொடக்கத்தில் மெத்தில் கூடுகிறது. அதே புரதம் டிஎன்எம்டி3பியை இறக்குகிறது. அதனால் சாட்டிலைட் 2 எனப்படும் திரும்பத்திரும்ப வரும் பகுதிகளில் மெத்தில் குறைகிறது. ஒரே புரதம், இரண்டு திசை. கச்சிதமான விளக்கம்தான். ஆனால் 2009இல் 'ஜர்னல் ஆஃப் ஹெபடாலஜி'யில் வந்த கட்டுரை வேறு கதை சொன்னது. அதன்படி எக்ஸ் புரதம் டிஎன்எம்டி3ஏயை நேரடியாகப் பிடித்து ஐஎல்4ஆர், எம்டி1எஃப் என்ற மரபணுக்களுக்கு இழுத்துச் செல்கிறது, அவை அடங்குகின்றன. வேறு சில இடங்களிலிருந்து அதே நொதியை விலக்கிவிடுகிறது. அங்குள்ள மரபணுக்கள் விழிக்கின்றன. அப்படி விழிப்பவற்றில் ஒன்று ஐஜிஎஃப்பிபி3.

வாசகர் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஐஜிஎஃப்பிபி3, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியைப் பிடித்துவைத்துச் செல் பெருகுவதை மட்டுப்படுத்தும் புரதம். ஒரு குழு எக்ஸ் புரதம் அதை அடக்குகிறது என்கிறது. இரண்டு ஆண்டுக்குள் இன்னொரு குழு எழுப்புகிறது என்கிறது. இதற்குப் பின் வந்த மீள்பார்வைக் கட்டுரைகள் பலவற்றில் இந்த இரண்டும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிசையில் இருக்கும். முரண்படுகின்றன என்ற குறிப்பு இருக்காது.

முரண்பாட்டுக்குக் காரணம் ஆய்வாளரின் நேர்மைக் குறைவு அல்ல, சோதனை முறை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஹெப்ஜி2, ஹு7 போன்ற செல் வரிசைகளில் நடந்தவை. ஹெப்ஜி2, ஒரு 15 வயதுச் சிறுவனின் கல்லீரல் கட்டியிலிருந்து வந்தது. ஹு7, ஒரு ஜப்பானியரின் கட்டியிலிருந்து. இரண்டும் ஏற்கெனவே புற்றான செல்கள். அவற்றின் மெத்தில் குறிகள் சோதனை தொடங்குமுன்பே கலைந்தவை. அவற்றில் எக்ஸ் மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் வைத்துச் செலுத்தி, இயற்கையான தொற்றில் காணாத அளவுக்குப் புரதத்தைப் பொங்க வைத்தார்கள். உண்மையான வைரஸைக் கொண்டு செய்யலாமே என்றால், அந்தச் செல்களுக்குள் பி வைரஸ் நுழையவே முடியாது. வைரஸ் நுழையப் பிடித்துக்கொள்ளும் என்டிசிபி என்ற கைப்பிடி அவற்றில் இல்லை. அந்தக் கைப்பிடி எது என்பதே 2012இல்தான் பெய்ஜிங்கில் வென்ஹுய் லீயின் குழுவால் கண்டுபிடிக்கப்பட்டது. முன்சொன்ன எக்ஸ் புரதக் கட்டுரைகள் எல்லாமே அதற்கு முந்தியவை.

உண்மையான தொற்றில் எக்ஸ் புரதம் செய்வதாக உறுதியாக நிலைநாட்டப்பட்டது வேறு ஒரு வேலை. 2016இல் ஜெனீவாவின் மிஷெல் ஸ்ட்ரூபினும் கூட்டாளிகளும் காட்டினார்கள்: கல்லீரல் செல்லில் எஸ்எம்சி5/6 என்ற புரதக் கூட்டு, நுழைந்த வைரஸின் வட்ட டி.என்.ஏ.வைப் பிடித்து அடக்கிவைக்கும். எக்ஸ் புரதம் செல்லின் சொந்தக் கழிவகற்றும் ஏற்பாட்டையே பயன்படுத்தி அந்தக் கூட்டைச் சிதைத்துவிடும். வைரஸுக்கு எக்ஸ் புரதம் தேவைப்படுவது தன் குரல் அடங்காமல் இருக்க. புற்றுநோய் உண்டாக்குவதால் வைரஸுக்கு ஆதாயம் ஏதும் இல்லை. அது வழியில் நேர்வது. மெத்தில் கட்டுரைகள் இந்தக் கோணத்திலிருந்து தொடங்கியிருந்தால் கேள்விகள் வேறாக இருந்திருக்கும்.

அப்படித் தொடங்கிய ஒரு வரிசை ஆய்வு உண்டு. அதில் வேலூருக்கும் பங்கு இருக்கிறது. 2008 முதல் 2010 வரை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மைக்கேல் டார்பென்சனின் ஆய்வகத்தில் பெருமாள் விவேகானந்தனும் மற்றவர்களும் நேர்மாறாகக் கேட்டார்கள்: வைரஸின் டி.என்.ஏ.வில் மெத்தில் ஏறுகிறதா? நோயாளிகளின் கல்லீரல் திசுவில் ஏறியிருந்தது. ஏறிய இடங்களில் வைரஸ் புரதங்கள் குறைந்தன. 2010இல் 'ஜர்னல் ஆஃப் வைராலஜி'யில் வந்த கட்டுரையின் ஆசிரியர்களில் வேலூர் சி.எம்.சி.யின் வைரஸியல் துறையைச் சேர்ந்த ராஜேஷ் கண்ணங்கையும் இருக்கிறார். வைரஸ் பெருகத் தொடங்கியதும் செல் தன் டிஎன்எம்டி நொதிகளை ஏற்றுகிறது. அந்த நொதிகள் வைரஸின் டி.என்.ஏ.வில் மெத்தில் வைத்து அதை அடக்குகின்றன. கூடவே செல்லின் சொந்த மரபணுத் தீவுகளிலும் மெத்தில் படிகிறது என்பது அதன் முடிவு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. விவேகானந்தன் பின்னர் டெல்லி ஐ.ஐ.டி.க்கு வந்தார்.

இந்தப் பார்வையில் குற்றவாளி மாறிவிடுகிறான். டிஎன்எம்டி ஏறுவது வைரஸின் சதி அல்ல, செல்லின் தற்காப்பு. எக்ஸ் புரதம் அந்தத் தற்காப்பைச் சமாளிக்க முயல்கையில் நொதிகள் இங்கும் அங்கும் இழுபடுகின்றன என்று கொண்டால், முரண்படும் அந்த இரண்டு கட்டுரைகளுக்கும்கூட ஓரளவு இடம் கிடைக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் 'எக்ஸ் புரதம் திட்டமிட்டுத் தடுப்பு மரபணுக்களைத் தேடி அடக்குகிறது' என்ற வழக்கமான சொல்லாடலைவிட இது நம்பத்தகுந்ததாகப் படுகிறது.

சி வைரஸ் இந்த வாதத்துக்கு நல்ல சோதனை. அது ஆர்.என்.ஏ. வைரஸ், ஏறத்தாழ 9,600 எழுத்துகள். செல்லின் கருவுக்குள் போவதில்லை, நம் டி.என்.ஏ.வில் செருகிக்கொள்வதில்லை, மெத்தில் ஏற்றி அடக்க அதனிடம் டி.என்.ஏ.வே இல்லை. ஆனாலும் சி வைரஸால் வந்த கல்லீரல் புற்றிலும் அதே தடுப்பு மரபணுக்களில் மெத்தில் ஏறியிருக்கிறது. அதே ஜாங்கின் குழு, சி வைரஸின் கருப்புரதம் டிஎன்எம்டி1, 3பி இரண்டையும் ஏற்றி ஈ-காட்ஹெரினையும் பி16ஐயும் அடக்குகிறது என்று எழுதியது. மீண்டும் அதே செல் வரிசைகள், அதே முறை. இரண்டு வைரஸ்களும் உறவே இல்லாதவை. அவற்றின் புரதங்களில் ஒற்றுமை கிடையாது. ஆயினும் கடைசியில் ஏறத்தாழ ஒரே இடங்களில் குறி விழுகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். பொதுவானது அழற்சி.

அதை நேரடியாகச் சோதித்தது ஜப்பானின் நகோயாவில் யுடகா கோண்டோவின் குழு, 2014இல் வெளிவந்தது. மனிதக் கல்லீரல் செல்களை ஏற்றிய எலிகளில் உண்மையான பி, சி வைரஸ்களைத் தொற்றவிட்டார்கள். இரண்டிலும் மனிதச் செல்களில் மெத்தில் மாறியது. அந்த மாற்றங்கள் எலியின் இயற்கைக் கொல்லி செல்கள் நடத்தும் தாக்குதலைச் சார்ந்திருந்தன. அந்த எலிகளுக்கு டி செல்களும் பி செல்களும் கிடையாது. அப்படியிருந்தும் நோய் எதிர்ப்பின் முதல் வரிசை ஒன்றே இவ்வளவு செய்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு கட்டுரையைத்தான் படிக்க முடியும் என்பவருக்கு நான் இதைக் கொடுப்பேன்.

வைரஸே இல்லாமல் மெத்தில் பிழை மட்டும் என்ன செய்யும் என்பதற்கு டொராண்டோவிலேயே சாட்சி இருக்கிறது. சிக்கிட்ஸில் ரோசன்னா வெக்ஸ்பெர்க் பல பத்தாண்டுகளாக ஆராயும் பெக்வித்-வீடமன் நோய்க்கூட்டில், 11ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தின் மெத்தில் குறிகள் கருவிலேயே தவறிவிடுகின்றன. குழந்தைகள் பெரிதாகப் பிறக்கிறார்கள். நாக்கு பெரிதாக இருக்கும். ஒரு பகுதிக் குழந்தைகளுக்குச் சிறுவயதில் ஹெபடோபிளாஸ்டோமா என்ற கல்லீரல் கட்டி வரும் ஆபத்து கூடுகிறது. அங்கே பி வைரஸும் இல்லை, சி வைரஸும் இல்லை. பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றோடு இதைச் சமப்படுத்த முடியாது. ஆனால் மெத்தில் குறிகள் வெறும் அடையாளம்தானா, காரணமாகவும் இருக்க முடியுமா என்ற கேள்விக்குக் காரணமாகவும் இருக்க முடியும் என்ற பதில் இங்கிருந்து கிடைக்கிறது.

மார்ஸ் கட்டடத்து ஆய்வகத்தின் பங்கு இன்னும் நுணுக்கமானது. டிஎன்எம்டி1 தானாகத் தன் இடத்தைக் கண்டுபிடிப்பதில்லை. யூஎச்ஆர்எஃப்1 என்ற புரதம் பாதி மெத்தில் ஏறிய டி.என்.ஏ.வை அடையாளம் கண்டு அதை அங்கே அழைத்துச் செல்கிறது. அந்த அடையாளம் காணும் பகுதியின் வடிவத்தை 2008இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட குழுக்களில் கட்டமைப்பு மரபியல் கூட்டமைப்பின் டொராண்டோ குழுவும் ஒன்று. ஆறு ஆண்டு கழித்து நியூயார்க்கில் கிர்ஸ்டன் சாட்லரின் குழு, வரிக்குதிரை மீனின் கல்லீரலில் இதே யூஎச்ஆர்எஃப்1ஐ அளவுக்கு மீறி ஏற்றிப் பார்த்தது. மெத்தில் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். மொத்த மெத்தில் குறைந்தது. மீன்களுக்குக் கல்லீரல் புற்று வந்தது. மெத்தில் ஏற்றும் கருவி பெருகினால் மெத்தில் பெருகும் என்ற எளிய கணக்கு கல்லீரலில் செல்லாது. டிஎன்எம்டி அளவு ஏறியதை மட்டும் அளந்துவிட்டு மெத்திலேற்றம் பற்றி முடிவு சொல்லும் கட்டுரைகளைச் சந்தேகத்தோடு படிக்க இது ஒன்றே போதும்.

நோயாளிக்கு இதனால் என்ன? முதலாவது, வைரஸ் போனாலும் குறிகள் போய்விடுவதில்லை. சி வைரஸை இன்று சில வார மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களிடம் ஒழிக்க முடிகிறது. ஆனால் 2019இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தாமஸ் பாமெர்ட்டின் குழுவும் இஸ்ரேலில் மற்றொரு குழுவும், குணமானவர்களின் கல்லீரலிலும் வைரஸ் விட்டுச்சென்ற மரபணுக் கட்டுப்பாட்டு மாற்றங்கள் எஞ்சியிருப்பதைக் காட்டின. அவை அளந்தது டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேலுள்ள குறிகளை, டி.என்.ஏ. மெத்திலை அல்ல. ஆயினும் பொருள் ஒன்றே: சிரோசிஸ் வந்த பிறகு வைரஸ் ஒழிந்தாலும் புற்று ஆபத்து குறையும், நீங்காது. பி வைரஸிலோ டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் பெருக்கத்தை மட்டுமே நிறுத்துகின்றன. கருவுக்குள் உள்ள வட்ட டி.என்.ஏ. அப்படியே இருக்கிறது.

கீழாநெல்லியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது டொராண்டோவின் ஸ்கார்பரோ வரைக்கும் கடல் தாண்டி வந்திருக்கிறது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பாருச் பிளம்பெர்கும் சேர்ந்து 'லான்செட்'டில் எழுதினார்கள்: கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது, மருந்தில்லாப் போலி மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகம் நிமிர்ந்து பார்த்த முடிவு அது. பின்னர் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மூலிகையை ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. அதை முறையாகச் சோதிக்கத் துணிந்த சென்னை ஆய்வாளர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் காமாலை இறங்கியதும் நோய் போயிற்று என்று முடிவுகட்டுவது, கல்லீரலின் டி.என்.ஏ.வில் நடப்பதை அறியாத முடிவு.

இரண்டாவது பயன் கண்டறிதலில். சாகும் செல்களின் டி.என்.ஏ. துண்டுகள் ரத்தத்தில் மிதக்கின்றன. அவற்றில் மெத்தில் குறிகளும் அப்படியே இருக்கும். பிரின்சஸ் மார்கரெட்டில் டேனியல் டி கார்வாலோவின் குழு 2018இல் 'நேச்சர்' இதழில் ஒரு முறையை வெளியிட்டது: மெத்தில் ஏறிய துண்டுகளை மட்டும் எதிர்ப்பொருளால் பிடித்திழுத்து வாசித்து, புற்று இருக்கிறதா, எந்த உறுப்பினது என்று பிரித்தறிவது. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் பழைய ரசாயன வழி இதில் இல்லை. ஒரு சில நானோகிராம் போதும். கல்லீரலுக்கு இது குறிப்பாகத் தேவை. இன்று கண்காணிப்பு என்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை. சிறு கட்டிகள் இரண்டிலும் தப்பிவிடுகின்றன. ஆனால் சிக்கல் ஒன்று உண்டு. அழற்சியே மெத்தில் குறிகளை மாற்றுகிறது என்று மேலே பார்த்தோம். அப்படியானால் புற்று வராத, வெறும் சிரோசிஸ் உள்ள கல்லீரலும் அதே வகைக் குறிகளை ரத்தத்தில் விடும். ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டுப் பெருமைப்படும் சோதனைகளைவிட, சிரோசிஸ் உள்ளவர்களிடையே புற்று உள்ளவரைப் பிரித்துக்காட்டும் சோதனையே கல்லீரல் மருத்துவருக்கு உதவும்.

மருந்தில் நிலைமை இன்னும் குழப்பம். அசாசிட்டிடின், டெசிட்டபின் என்ற மெத்தில் நீக்கி மருந்துகள் ரத்தப் புற்று வகைகளில் பயனில் உள்ளன. டி கார்வாலோவின் குழுவே 2015இல், பெருங்குடல் புற்றுச் செல்களில் இம்மருந்து வேலை செய்யும் வழியைக் காட்டியது: நம் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 8 சதவீதம் பழங்கால வைரஸ்களின் எச்சம், அவை மெத்திலால் அடங்கிக் கிடக்கின்றன, மருந்து மெத்திலை நீக்கியதும் அவை விழித்து ஆர்.என்.ஏ. உண்டாக்க, செல் தனக்கு வைரஸ் தொற்றிவிட்டதாக நினைத்துத் தன் எதிர்ப்பை முடுக்குகிறது. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் பி வைரஸ் உள்ள கல்லீரலில் அதே மருந்து, மெத்திலால் அடங்கியிருக்கும் பி வைரஸையும் எழுப்பக்கூடும். விவேகானந்தனின் ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு இந்த அச்சம் புதிதல்ல. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையின் காவல் இல்லாமல் இதை முயல்வது சரியல்ல என்பது என் கருத்து.

ஆகவே தலைப்பின் கேள்விக்கு என் தீர்ப்பு: வைரஸ் புரதங்கள் மெத்தில் நொதிகளைத் தொடுகின்றன, இடம் மாற்றுகின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் கல்லீரலில் காணும் மெத்தில் மாற்றத்தின் பெரும்பங்கைச் செல்லின் தற்காப்பும் அழற்சியும் செய்கின்றன என்பதற்கே உண்மையான தொற்றில் கிடைத்த சான்று அதிகம். எக்ஸ் புரதத்தை மட்டும் முடக்கும் மருந்து வந்தால் வரவேற்கலாம்; அது பழைய குறிகளை அழித்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. தொற்றே வராமல் தடுப்பதுதான் இதுவரை நிரூபணமான மிக உறுதியான வழி. 1984இல் தைவான் பச்சிளங்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது; 6 முதல் 14 வயதுவரையுள்ள குழந்தைகளின் கல்லீரல் புற்று, லட்சத்துக்கு 0.70ஆக இருந்தது, 1990களின் தொடக்கத்தில் 0.36 ஆனது. இலங்கையில் 2003இலும், இந்தியாவில் 2002இல் சோதனை முறையில் தொடங்கி 2011இல் நாடு முழுவதும், இது பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. ஒன்டாரியோவில் பள்ளியில் ஏழாம் வகுப்பில்தான் போடப்படுகிறது. தொற்றுள்ள தாயின் குழந்தைக்கு மட்டும் பிறந்தவுடன். வயது வந்தபின் தொற்றினால் பெரும்பாலோர் தாமாகவே வெல்வார்கள்; பிறப்பில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். இந்த உயிரியலுக்கு ஏழாம் வகுப்பு மிகவும் தாமதம்.

டொராண்டோத் தமிழர்களுக்கு ஒரு திருத்தமும் வேண்டும். இலங்கையில் பி வைரஸ் பரவல் குறைவு. அங்கே கல்லீரல் புற்றுக்கு முன்னால் நிற்பவை கொழுப்புக் கல்லீரலும் மதுவும். இந்தியாவில் நிலை வேறு: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 2 கோடியே 98 லட்சம் பேர் பி வைரஸோடு இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. எந்த ஊரிலிருந்து வந்தவரானாலும், குடும்ப மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது பி வைரஸ் மேற்பரப்புப் புரதத்துக்கும் சி வைரஸ் எதிர்ப்பொருளுக்கும் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பி இருப்பது தெரிந்தவர்களில் ஆசிய ஆண்கள் 40 வயதிலிருந்தும் பெண்கள் 50 வயதிலிருந்தும், சிரோசிஸ் உள்ளவர்கள் எந்த வயதிலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்துகொள்ள வேண்டும். 2005இல் இந்த வழிகாட்டுதலை எழுதிய இருவரில் ஒருவர் டொராண்டோ ஜெனரலின் மோரிஸ் ஷெர்மன். ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் அந்த ஆறு மாதக் கணக்கை விட்டுவிடாதீர்கள்.